இரண்டு சுற்று

எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்லமாட்டேன். டீச்சர் விழுந்த அன்று காலையில் தூறல் இருந்ததா, அது முந்தின நாளா என்று இப்போது குழம்புகிறது. அன்றைக்கு டீ போட்டது நானா, கூடாரம் என்று நாங்கள் கூப்பிடும் சக பயிற்சியாளரா என்பதும் அப்படித்தான். டீச்சரைப் பிடித்திருந்த தோல் வார் என் வலது கையில் இருந்தது என்று அப்போது எழுதிக்கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால் இடது கை போலவும் இருக்கிறது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் சின்ன விஷயங்களில் தடுமாறுகிறவன் பெரிய விஷயத்தை ஒழுங்காகச் சொல்வான் என்று நீங்கள் நம்பவேண்டிய அவசியம் இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவின் வழிகாட்டி நாய், குழாய் பதிக்கத் தோண்டிய அந்தப் பள்ளத்தின் முன்னால் ஏன் நிற்கவில்லை? ஒரு வரியில் பதில் சொல்லலாம். அந்த ஒரு வரி இரண்டு வருடத்துக்கு மேலாக என் வாய் வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் நிலையத்தில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிறோம். அப்போது நான்கு பயிற்சியாளர்கள். இதற்கென்று படித்துவிட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தோம்.

நிலையத் தலைவரைப் பெரியவர் என்போம். ராணுவத்தில் கண்ணிவெடி தேடும் நாய்களோடு இருபது வருடம் இருந்தவர். காது மந்தம். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. யாராவது கேட்டால், "நாய் வேண்டாம்னு சொல்லுச்சு. நான் கேக்கல. அதான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கூடாரம் சர்க்கஸிலிருந்து வந்தவர். அவருடைய நாய் கூட்டல் கணக்குப் போடுமாம். "நாலும் மூணும் எத்தனைன்னு கேப்பேன். ஏழு தடவை குலைக்கும். ஏழாவதுல நான் மோவாயை ஒரு நூல் இறக்குவேன், நிறுத்திடும். கூட்டம் பூரா நாயையே பாக்கும். என் மோவாயை எவன் பாக்கிறான்?" இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். எங்களில் கடைசியாக வந்தவர். அம்மாவும் அவரும் மட்டும்தான் வீட்டில். நான் பதினோரு வருடம் ஒரு மரக் கிடங்கில் காவல் நாய்களை வைத்திருந்தேன். சொன்னதைக் கேட்காத நாய் அங்கே ஒரு வாரம் தாங்காது.

வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நில், நட, இடது, வலது, போ என்று பழக்க ஆறு மாதம் போதும். கீழ்ப்படிய வைப்பது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு வரும் இரண்டு மாதம்தான் வேலை. அதில் மறுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிடித்திருப்பவர் போ என்கிறார். முன்னால் பள்ளம் இருக்கிறது. நாய் போகக்கூடாது. உடம்பைக் குறுக்கே திருப்பி அவர் முழங்காலை மறித்து நிற்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் நகரக்கூடாது. இத்தனை நாள் சொல் பேச்சுக் கேட்டால் ஈரல் கொடுத்தோம், இனிமேல் கேட்காமல் இருந்தால் கொடுப்போம் என்று ஒரு நாய்க்குப் புரிய வைப்பது எப்படி என்று நினைக்கிறீர்கள்? டீச்சருக்கு அது கைவந்தது. "மொத்தக் கிளாஸும் ஒரே குரல்ல 'புரிஞ்சுது மிஸ்'னு சொன்னா எனக்கு நம்பிக்கையே வராது. ஒருத்தனாவது 'புரியல'ன்னு சொன்னாத்தான் உயிர் வரும்" என்பார்.

நிலையத்தின் பின்புறம் ரயில் வராமல் போன ஒரு சரக்கு மேடை உண்டு. என் மார்பளவு உயரம். கீழே சிமென்ட் தளம், அதில் இரண்டு பழைய தண்டவாளம். கடைசிச் சோதனை அங்கேதான். நாயைப் பழக்கியவர் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு அதே நாயோடு விளிம்புக்கு நடப்பார். விளிம்பில் நின்று மூன்று முறை போ என்பார். மூன்று முறையும் நாய் மறுத்தால் தேறியது. ஒருவேளை மறுக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, கண் கட்டியவரின் இடுப்புப் பட்டையில் ஒரு தோல் வார் மாட்டி, பின்னால் இன்னொரு பயிற்சியாளர் பிடித்திருப்பார். வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். நடப்பதற்கு முன்னால் கண் கட்டியவர், "சுத்தியாச்சா?" என்று கேட்பார். பின்னால் இருப்பவர், "ரெண்டு சுத்து" என்பார். அதைக் கேட்காமல் யாரும் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை.

என் நாய்கள் பதினான்கு வெளியே போயிருந்தன. ஒன்றுகூடச் சோதனையில் தவறியதில்லை. டீச்சரின் நாய்களில் இரண்டு தவறியிருக்கின்றன, கூடாரத்தின் நாய்களில் நான்கு. பெரியவருக்கு வயதாகிவிட்டது, அடுத்த தலைவர் நான்தான் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் பதினான்காவது நாயின் சோதனையன்று எனக்குப் பின்னால் வார் பிடித்தவர் டீச்சர். நாய் மூன்று முறையும் அழகாக மறுத்தது. பெரியவர் கையெழுத்துப் போட்டார். டீச்சர் மட்டும் தலை நிமிராமல் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலையே அந்த நாயும் அதற்குரியவரிடம் போய்விட்டது. மறுநாள் நான் பாத்திரங்களைக் கழுவும் இடத்துக்கு டீச்சர் வந்து நின்றார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"உங்க கட்டைவிரல்."

"அதுக்கென்ன?"

"விளிம்புக்கு ஒரு எட்டு முன்னாடி நாயோட முதுகுப் பட்டைக் கைப்பிடியை அழுத்துது. மூணு தடவையும் அழுத்துச்சு. நாய் தரையைப் பாக்கவே இல்லண்ணா. உங்க விரலுக்குத்தான் நின்னுது."

நான் குழாயை மூடினேன்.

"வெளியில போனா அந்த விரல் இருக்காது" என்றார் டீச்சர். "பதினாலு நாயையும் திரும்பக் கூப்பிட்டு வேற யாராவது சோதிக்கணும். நான் போய்ப் பெரியவர்கிட்ட கோள் சொன்ன மாதிரி ஆகக்கூடாது. நீங்களே சொல்லிடுங்க. லீடரோட சோதனை வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

லீடர் என்பது டீச்சர் பழக்கிக்கொண்டிருந்த மஞ்சள் நிற நாய். எப்போதும் முதல் ஆளாக முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் கூடாரம் அதற்குக் கிளாஸ் லீடர் என்று பெயர் வைத்திருந்தார். அதன் சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இங்கே ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். விரல் அழுத்துவது எனக்கே தெரியாமல் நடந்தது என்று டீச்சரிடம் சொன்னேன். அவரும் நம்பினார். உண்மை என்னவென்றால், மூன்றாவது நாயிலிருந்து எனக்குத் தெரியும். அந்த மேடையில் விளிம்புக்கு ஒரு எட்டு முன்னால் வழவழப்பான சிமென்ட் முடிந்து சொரசொரப்பான கல் தொடங்கும். கண் கட்டியிருந்தாலும் செருப்புக்குத் தெரியும். பாதம் சொல்லும், விரல் அழுத்தும், நாய் நிற்கும். கூடாரத்தின் மோவாய்க் கதையை நானும்தானே நூறு முறை கேட்டிருக்கிறேன். மறுக்கிற நாயைப் பழக்க எனக்கு வரவில்லை. சொன்னதைச் செய்யாத நாயைப் பார்த்தால் என் கை தானாக இறுகிவிடும். என் நாய்கள் அந்தக் கையை நன்றாகப் படித்துவைத்திருந்தன.

ஒன்பது நாளில் முதல் மூன்று நாள் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வீட்டு வாசலில் போய் நின்று நாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பழகிய நாயை ஒருவரிடமிருந்து பிரிப்பது என்ன பாவம் என்று எனக்குத் தெரியும். டீச்சருக்கு அது தெரியவில்லை. அவர் இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு பேருக்காகத்தான் நான் அதைச் செய்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாளிலிருந்து மதியத்தில் லீடரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் அம்மாவுக்குச் சாப்பாடு போட வீட்டுக்குப் போய்விடுவார். மற்ற இருவரும் முன்னறையில் சாப்பிடுவார்கள். நான் எப்போதுமே தாமதமாகச் சாப்பிடுகிறவன் என்பதால் யாரும் தேடவில்லை. தண்டவாளத்தின் மேல் குட்டிகளின் மெத்தைகளை அடுக்கினேன். விளிம்பில் நின்று போ என்றேன். லீடர் குறுக்கே திரும்பி என் முழங்காலை மறித்தது. நன்றாகப் பழக்கியிருந்தார். அதட்டவில்லை, கயிற்றைச் சுண்டவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி மெதுவாக ஒரு சத்தம் எழுப்பி, ஒரு துண்டு ஈரலை மெத்தையில் போட்டேன். அது என்னைப் பார்த்தது. கீழே பார்த்தது. முதல் நாள் குதிக்கவில்லை. இரண்டாம் நாள் குதித்தது. ஐந்தாம் நாள் ஈரல் போடாமலே, நாக்குச் சத்தத்துக்கு மட்டும் குதித்தது. டீச்சர் கற்றுக்கொடுத்த மறுப்பை என்னால் அழிக்க முடியவில்லை. அதன் மேல் இன்னொன்றை எழுதி வைத்தேன்.

என் திட்டத்தில் யாருக்கும் அடிபடுவதாக இல்லை. சோதனையில் நாய் குதிக்கும். டீச்சர் முன்னால் சரிவார். பின்னால் நான் வாரை இழுத்துப் பிடிப்பேன். நாய் தவறியது என்று பெரியவர் எழுதுவார். டீச்சர் நாயே தவறுகிறதென்றால் அவர் என் நாய்களைப் பற்றிச் சொல்வதை யார் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் நினைத்தேன். இன்று இதைச் சொல்லும்போதும் எனக்கு இது நியாயமான ஏற்பாடாகத்தான் படுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சோதனையன்று பெரியவர் நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூடாரம் மேடையின் மறுகோடியில் நின்றிருந்தார். டீச்சர் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"இந்தக் கண்கட்டு என்னிக்குத்தான் துவைச்சதோ. கூடாரம் சாரோட எண்ணெய் வாசனை அப்படியே இருக்கு."

"வாசனைன்னு சொன்னீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்றார் கூடாரம்.

டீச்சர் சிரித்துவிட்டுத் தலையைப் பின்பக்கம் லேசாகத் திருப்பினார். "சுத்தியாச்சா அண்ணா?"

"ரெண்டு சுத்து" என்றேன்.

சொன்னபோது அது உண்மை.

விளிம்பு வரை போனார்கள். டீச்சர் போ என்றார். லீடர் குறுக்கே திரும்பி நின்றது. நான் நாக்கைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இரண்டாம் முறை போ என்றார். லீடர் முழங்காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. அப்போதும் தட்டவில்லை. அந்த நாய் அவ்வளவு சரியாக இருந்தது. பதினான்கு நாய்களைப் பழக்கிய எனக்கு, ஒரு நாய் உண்மையிலேயே மறுப்பது எப்படி இருக்கும் என்று அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. போகட்டும், பெரியவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

பெரியவர் நாற்காலியிலிருந்து, "போதும்மா, இதுக்கு மூணாவது எதுக்கு? அவுத்துடு" என்றார்.

டீச்சர், "இல்ல சார். மூணுன்னா மூணு. யாரோ ஒருத்தர் இவன் மேல உயிரை வெக்கப்போறாங்க" என்றார்.

அவர் அதை யாரையும் குத்திப் பேசவில்லை. எனக்குத்தான் குத்தியது. பெரியவர் சிரித்துக்கொண்டே, "இப்படி ஒரு ஆளுகிட்ட நிலையத்தை விட்டுட்டுப் போகலாம்" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வார் நழுவியது என்று விசாரணையில் எழுதிக்கொடுத்தேன். தூறலில் தோல் ஈரமாக இருந்தது என்றும் எழுதினேன். மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிய வார் நழுவாது. ஈரமானால் இன்னும் இறுகும். கூடாரம் மட்டும் அதைப் பெரியவரிடம் சொன்னார். பெரியவர், பாவம், அவன் மேல் பழி போடாதே என்று அடக்கிவிட்டார். அன்று தூறல் இல்லை. தூறியது முந்தின நாள். வார் என் வலது கையில்தான் இருந்தது. இடது கையால் நான் அதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. அவசரப்படவில்லை. விரல் நுனியில் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் மூன்றாவது முறை போ என்றார். நான் நாக்கைத் தட்டினேன்.

லீடர் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு குதித்தது. டீச்சரின் கை கைப்பிடியில் இருந்தது. விடக்கூடாது என்பதுதான் பழக்கம், அவர் விடவில்லை. கீழே மெத்தை இல்லை.

பெரியவருக்கு அந்த நாக்குச் சத்தம் கேட்டிருக்காது. கூடாரம் ஓடிவந்தபோது தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. ஒரு கணம் என் வாயைப் பார்த்தார். பிறகுதான் கீழே இறங்கினார்.

டீச்சர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். தலையிலும் கண்ணிலும் கட்டு. என் காலடியை வைத்தே தெரிந்துகொண்டார்.

"அண்ணாவா?"

"ஆமாம்மா."

"லீடருக்கு அடியா?"

"இல்ல, சிராய்ப்புதான்."

வெளியே யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு, "ஒரு சத்தம் கேட்டுதுண்ணா. நாக்கைத் தட்டின மாதிரி" என்றார்.

"குருவியா இருக்கும்."

"ம்."

நான் எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது அவர் சொன்னார். "அந்தப் பதினாலு பேருக்கும் சொல்லிடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சொல்லிடறேன்மா" என்றேன்.

அவர் இறந்த பிறகு வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சரின் அம்மா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீங்கதானேப்பா பின்னாடி இருந்தீங்க. எவ்வளவு பிடிச்சுப் பாத்திருப்பீங்களோ, பாவம்" என்றார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். ஒன்றும் இல்லை.

ஒரு மாதத்தில் கூடாரம் வேலையை விட்டார். போகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாங்களும் ஏமாத்தினவங்கதான். ஆனா டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்களை மட்டும்தான் ஏமாத்தினோம்." அவரிடம் நிரூபிக்க எதுவும் இல்லை. ஒரு நாக்குச் சத்தத்தை எந்த விசாரணையில் கொண்டுபோய் வைப்பது.

அந்த வருடமே பெரியவர் ஓய்வு பெற்றார். நான் தலைவரானேன். பதினான்கு பேருக்கும் கடிதம் எழுத ஒருமுறை உட்கார்ந்தேன். என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை. வருடா வருடம் வந்து பாருங்கள் என்று பொதுவாக ஒரு அறிவிப்பு அனுப்பினேன். மூன்று பேர் வந்தார்கள். நாய்களின் பல்லையும் நகத்தையும் பார்த்து அனுப்பினேன்.

லீடரை யாருக்கும் கொடுக்க முடியாது என்று ஆனபோது என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது பிராயச்சித்தம் என்று நினைத்தேன். மனைவி சோறு வைத்தால் சாப்பிடும். நான் கூப்பிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும். "ஊர் நாயெல்லாம் பழக்கறீங்க. இது மட்டும் உங்களைக் கண்டா ஏன் மூஞ்சியைத் திருப்பிக்குது?" என்று மனைவி கேட்டாள். சில நாயின் குணம் அப்படி என்றேன்.

டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவின் நாய் என் ஒன்பதாவது நாய். அந்தத் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் தடுப்பு வைக்காமல் போயிருந்தார்கள். அவர் போ என்றார். கைப்பிடியில் விரல் எதுவும் அழுத்தவில்லை. நாய் போனது. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அதற்கு நிற்கத் தெரியாது. என் விரலுக்கு நிற்கத்தான் தெரியும்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்கிறார்கள். அவருடைய நாய் பள்ளத்திலேயே செத்துப்போனது. மீதிப் பதின்மூன்றில் இரண்டு ஏற்கெனவே வயதாகி இறந்துவிட்டன. பதினொன்றைப் போன வாரம் திரும்ப வரவழைத்து, வேறு ஆள் வைத்து, மெத்தை போட்டுச் சோதித்தார்கள். பத்து நாய்கள் குதித்தன. ஒன்று மட்டும் மறுத்தது. அது நாற்காலி பின்னுகிற ஒருவரிடம் ஏழு வருடமாக இருக்கும் நாய். "எனக்கும் அதுக்கும் தினம் சண்டைங்க. நான் சொன்னா கேக்கவே கேக்காது" என்று அவர் சொன்னாராம். அந்த நாயை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை; அவரிடம் யாராவது இதை எழுதித்தான் காட்ட வேண்டும். டீச்சரின் அம்மா மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். நாய்கள் குதித்த செய்தி கேட்டுக் கூடாரம் வந்து லீடரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று அதைக் கூப்பிட்டேன். அது திரும்பவில்லை. மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை.

நான் இங்கே உங்கள் முன்னால் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாயைக்கூட அடித்ததில்லை.